கத்தியின் கூர்மையும் மரத்தின் ஆயுளும்

ஒருவர் தம் தொழிலை எவ்வளவு மதிக்கிறார் என்பதை அவருடைய கருவியைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். தச்சருக்கு உளியும், தையற்காரருக்குக் கத்தரிக்கோலும் எவ்வாறோ, அவ்வாறே ரப்பர்த் தோட்டத் தொழிலாளருக்குப் பால்வெட்டுக் கத்தி விளங்குகின்றது. விடியுமுன் எழுந்து, இருளில் நிரை நிரையாக நடந்து, நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி முடிக்கும் தொழிலாளரின் ஒரு நாள் உழைப்பு முழுவதும் விரல் நீளமும் இல்லாத ஓர் இரும்பு விளிம்பை நம்பியே நடைபெறுகின்றது. அந்த விளிம்பு கூராக இருந்தால் பால் உண்டு. மழுங்கிப் போனால் காயம் உண்டு. இவ்வுண்மையை நான் சிறுவனாக இருந்தபோதே கற்றுக்கொள்ள நேர்ந்தது.

என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளி. எனக்கு அப்போது பதினொரு வயது. கொய்யாக் கிளையிலிருந்து பம்பரம் ஒன்று செய்துகொண்டிருந்தேன். ஆணி அடித்த பிறகு, அதன் அருகே மரம் சற்றுத் தடித்திருப்பதைக் கண்டு, சுவரில் மாட்டியிருந்த பால்வெட்டுக் கத்தியை எடுத்துச் சீவினேன். கத்தி ஆணியின் மேல் பட்டு, அதன் விளிம்பில் அரிசி நுனியளவு சில்லு பெயர்ந்தது. யாரிடமும் சொல்லாமல் கத்தியை இருந்த இடத்திலேயே மாட்டிவிட்டேன்.

மறுநாள் முதல் மரத்திலேயே கத்தி இழுபடுவதைத் தந்தையார் உணர்ந்திருக்கிறார். ஆனால் தீட்டுக்கல் வீட்டில் இருந்தது. திரும்பி வந்து தீட்டிச் செல்வதற்குள் வெயில் ஏறிவிடும், பால் குறைந்துவிடும். ஆகவே, அழுத்தி அழுத்தி வெட்டிக்கொண்டே போனார். பார்வையிட வந்த மண்டோர் பல மரங்களில் காயத்தைக் கண்டு கடிந்துகொண்டார். அன்று மாலை தந்தையார் கத்தியை விளக்கொளியில் பிடித்துப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. “நாளை விட்டு மறுநாள் அதே மரத்துக்கிட்டத்தான்டா நான் போய் நிக்கணும்” என்றார். பிறகு தீட்டுக்கல்லை என் கையில் கொடுத்து, அருகில் உட்காரச் சொன்னார்.

அன்று அவர் கற்றுக் கொடுத்ததையும், பின்னர் நான் படித்தும் கேட்டும் அறிந்துகொண்டதையும் சேர்த்து இக்கட்டுரையில் விளக்க விழைகின்றேன்.

கொத்துதலும் சீவுதலும்

ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. முற்காலத்தில் பிரேசில் நாட்டுக் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்தார்கள். கொத்திய இடம் காயமாகிப் புடைத்துவிடும். பிறகு அவ்விடத்தில் பால் எடுப்பது அரிது. 1877-ஆம் ஆண்டில் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பெற்றன.

1888-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பவர், இம்மரங்களைக் கொண்டு பல சோதனைகளைச் செய்தார். மரத்தைக் கொத்தாமல், பட்டையில் சாய்வாக ஒரு கோடிட்டு, அக்கோட்டின் கீழ் விளிம்பை ஒவ்வொரு முறையும் மெல்லிய சீவலாகச் சீவி வந்தால், மரம் கெடாமல் தொடர்ந்து பால் தரும் என்பதை அவர் கண்டறிந்தார். இன்று நாம் மரம் வெட்டும் முறைக்கு அடிப்படை இதுவே. எனவே நம் கையிலுள்ள கத்தி கொத்துவதற்குரிய கருவி அன்று, சீவுவதற்குரிய கருவியாகும். கொத்துவதற்குப் பாரம் போதும். சீவுவதற்குக் கூர்மை வேண்டும்.

பட்டைக்குள் இருப்பது என்ன?

மரத்தின் வெளிப்புறத்தில் சொரசொரப்பான தக்கைப் பகுதி இருக்கிறது. அதற்கு உள்ளே கடினமான பட்டையும், அதற்கும் உள்ளே மென்மையான பட்டையும் அமைந்துள்ளன. மென்பட்டைக்கும் கட்டைக்கும் இடையே வழுவழுப்பான மெல்லிய படலம் ஒன்று உண்டு. இப்படலமே உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் புதுப்பட்டையையும் வளர்க்கின்றது. பால் குழாய்கள் மிகுதியாக இருப்பது இப்படலத்தை ஒட்டிய மென்பட்டையில்தான்.

இங்கேதான் தொழிலாளரின் திறமை சோதிக்கப்படுகின்றது. ஆழம் குறைந்தால் பால் நிறைந்த குழாய்களைக் கத்தி எட்டுவதில்லை. ஆழம் கூடினால் படலம் அறுபட்டு மரம் காயப்படுகின்றது. படலத்துக்கு வெளியே ஏறத்தாழ 1 முதல் 1.5 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்டுவதே முறையாகும். இது மிகவும் சிறிய அளவு. இத்துணை நுட்பமான இடைவெளியைக் காப்பது கண்ணைவிடக் கையின் உணர்வே. கூரான கத்தி இலேசாக ஓடுவதால் பட்டையின் தன்மை கைக்குத் தெரிகின்றது. மழுங்கிய கத்தியை அழுத்திப் பிடித்து இழுக்கும்போதோ கைக்கு அந்த உணர்வு எட்டுவதில்லை. மேலும், திடீரென வழுக்கி உள்ளே பாய்வதும் மழுங்கிய கத்தியே.

காயப்பட்ட இடத்தில் கட்டை புடைத்து வளர்கின்றது. புதுப்பட்டை மேடும் பள்ளமுமாகிறது. சில ஆண்டுகள் கழித்து அப்புதுப்பட்டையில் மீண்டும் வெட்டும் காலம் வரும்போது, கத்தி அங்கே நேராக ஓடாது. இன்று செய்த பிழைக்கு அன்று வெட்டுபவர் விலை கொடுக்க நேரிடும். அவர் நாமாகவும் இருக்கலாம், வேறொருவராகவும் இருக்கலாம்.

ஒரு சிறு கணக்கு

கூரான கத்தியால் ஒரு முறை வெட்டும்போது 1.5 மில்லிமீட்டர் பட்டை செலவாவதாகக் கொள்வோம். ஒன்றுவிட்டு ஒரு நாள் வெட்டும் மரத்தில், மழை நாட்களும் விடுமுறைகளும் போக, ஆண்டுக்கு 150 முறை வெட்டு நடக்குமாயின், ஆண்டொன்றுக்கு 22.5 சென்டிமீட்டர் பட்டை செலவாகும். மழுங்கிய கத்தி மெல்லிய சீவலாகச் சீவாது. தடித்த துண்டாகவே பெயர்க்கும். அதனால் ஒரு வெட்டுக்கு 2.5 மில்லிமீட்டர் செலவானால், ஆண்டொன்றுக்கு 37.5 சென்டிமீட்டர் போய்விடும்.

வெட்டும் உயரம் 150 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் முறையில் மரத்தின் ஒரு பக்கம் ஆறரை ஆண்டுகளுக்கு மேல் வரும். இரண்டாம் முறையில் நான்கே ஆண்டுகளில் தீர்ந்துவிடும். இரு பக்கங்களையும் சேர்த்தால் பதின்மூன்று ஆண்டுகளும், எட்டு ஆண்டுகளும் ஆகின்றன. புதுப்பட்டை நன்கு தடித்து முதிர்வதற்குக் கிடைக்கும் கால அவகாசத்திலும் இவ்வேறுபாடு உண்டு. இடையில் உள்ளது ஒரு மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர், மரத்தின் பயன்காலத்தில் ஐந்து ஆண்டுகளை விழுங்கிவிடுகின்றது.

தொழிலாளரின் உடம்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 500 மரங்கள் வெட்டுபவர், ஒரு மரத்துக்குப் பத்து முறை கத்தியை இழுத்தாலும், ஒரு நாளில் 5,000 முறை இழுக்கின்றார். மழுங்கிய கத்திக்கு ஒவ்வோர் இழுப்பிலும் கூடுதல் பலம் தேவை. மாலையில் மணிக்கட்டும் தோளும் வலிப்பதற்கு வயதை மட்டுமே காரணமாகச் சொல்லுதல் சரியன்று.

கூர்மை என்றால் என்ன?

கத்தியின் இரு முகங்களும் ஒரு கோட்டில் சந்திக்கின்றன. அக்கோடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு கூர்மை. வெட்ட வெட்ட அக்கோடு உருண்டு தட்டையாகின்றது. இதைக் கண்ணால் காணவும் முடியும். கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்கொளியில் பாருங்கள். கூரான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. மழுங்கிய விளிம்போ வெள்ளை நூல் போல மின்னும். சில்லு விழுந்த இடம் வெண்புள்ளியாகத் தெரியும். விரலால் தடவிப் பார்ப்பதைவிட இம்முறை பாதுகாப்பானது, பிழையற்றதுமாகும்.

தீட்டும் முறை

முதலாவதாக, கத்தியில் ஒட்டியுள்ள பாலையும் பட்டைத் தூளையும் கழுவித் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பால் கல்லில் ஒட்டிக்கொண்டால் கல் வழுக்கும், இரும்பை அராவாது.

இரண்டாவதாக, கல்லை நீரில் சிறிது நேரம் ஊறவைக்க வேண்டும். தீட்டும்போதும் அவ்வப்போது நீர் தெளித்து வர வேண்டும். தேய்ந்த இரும்புத் தூளை அந்நீர் அடித்துச் செல்வதால் கல்லின் நுண்துளைகள் அடைபடாமல் இருக்கும். கல்லின் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நயமாகவும் இருந்தால், சொரசொரப்பான பக்கத்தைச் சில்லு விழுந்த கத்திக்கு மட்டுமே பயன்படுத்துதல் நன்று. அன்றாடத் தீட்டலுக்கு நயமான பக்கமே போதுமானது.

மூன்றாவதாக, சரிவைக் கவனிக்க வேண்டும். பால்வெட்டுக் கத்தியின் வாயில் ஒரு முகம் சரிவாக்கப்பட்டிருக்கும். கல் அச்சரிவின் மேல் முழுவதும் படிந்து ஓட வேண்டும். கல்லைத் தூக்கிப் பிடித்தால் விளிம்பு மட்டும் தேய்ந்து விரைவில் மழுங்கும். மிகவும் தாழ்த்திப் பிடித்தால் விளிம்பைக் கல் தொடுவதே இல்லை. சரிவின் மேல் மார்க்கர் பேனாவால் மை தடவி, இரண்டு மூன்று முறை தீட்டிப் பாருங்கள். மை அழிந்த இடத்திலேதான் கல் படுகின்றது. மை முழுவதும் சீராக அழிந்தால் பிடிக்கும் கோணம் சரியாக உள்ளது என்று பொருள்.

நான்காவதாக, பிடிக்கும் முறை. வளைந்த வாயுடைய கத்தியைக் கல்லில் தேய்ப்பதைவிட, கத்தியைப் பலகையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, சிறு கல்லை அதன் மேல் ஓட்டுவதே எளிது. விரல்கள் கல்லின் விளிம்புக்கு வெளியே நீளாதிருக்க வேண்டும். கத்தி வாயின் இரு கைகளையும் சம அளவில் தீட்ட வேண்டும். இரண்டும் கூடும் மூலையைக் கல்லின் மெல்லிய ஓரத்தால் கவனமாகத் தீட்ட வேண்டும். பலர் விட்டுவிடும் இடம் இந்த மூலையே. மூலை மழுங்கினால், பால் ஓடும் கோடு சுத்தமாக அமையாமல் பிசிராகிப் பால் வழிந்து சிந்தும்.

ஐந்தாவதாக, பிசிறை நீக்க வேண்டும். ஒரு முகத்தைப் போதிய அளவு தீட்டியதும், மறுமுகத்தின் விளிம்பில் மெல்லிய இரும்புப் பிசிறு எழும். விரலின் சதைப்பகுதியை விளிம்பிலிருந்து வெளிநோக்கி மெல்ல நகர்த்தினால் அது தட்டுப்படும். விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டலாகாது. பிசிறு எழுந்திருப்பது, கல் விளிம்பு வரை சென்று சேர்ந்தது என்பதற்கு அடையாளம். பிறகு நயமான கல்லை மறுமுகத்தில் தட்டையாக வைத்து இரண்டொரு முறை இலேசாக ஓட்டினால் பிசிறு நீங்கும். அங்கே புதியதொரு சரிவை உண்டாக்கிவிடக் கூடாது. முடிவில் பழைய தோல் வாரில் சிலமுறை, விளிம்பு பின்னே வருமாறு இழுத்தால் கூர்மை நயம் பெறும்.

தீட்டிய கத்தியைச் சோதிக்கத் தாள் ஒன்று போதும். இழுத்தவுடன் கிழியாமல் சீராக அறுபட்டால் கத்தி வேலைக்கு ஆயத்தமாகிவிட்டது. ‘தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது’ என்று நன்றி மறந்தவரைப் பற்றிப் பழமொழி உண்டு. நமக்குச் சோறு போடும் மரத்தில் கூர் பார்ப்பதும் அத்தகையதே.

மடக்குக் கத்தியும் பாராங்கும்

வீட்டில் பயன்படும் மடக்குக் கத்தி, காய்கறிக் கத்தி, பாராங் ஆகியவற்றுக்கும் விதி இதுவே. ஆனால் இவற்றுக்குப் பெரும்பாலும் இருபுறமும் சரிவு உண்டு. எனவே இருபுறமும் சம எண்ணிக்கையில் தீட்ட வேண்டும். மடக்குக் கத்திக்குக் கல்லின் மேல் ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு பொருந்தும். இதை அளக்கக் கருவி வேண்டா. சதுரத் தாளின் ஒரு மூலை 90 பாகை. அதனை மூலைவாட்டில் ஒருமுறை மடித்தால் 45. மீண்டும் ஒருமுறை மடித்தால் 22.5. அந்தக் கூர்முனையைக் கல்லின் மேல் வைத்துக் கத்தியை அதே சாய்வில் பிடித்துப் பழகலாம். கிளைகளை ஓங்கி வெட்டும் பாராங்குக்கு 30 பாகை அளவு கூடுதலான சாய்வு வேண்டும். விளிம்பு மிகவும் மெலிந்திருந்தால் முதல் வீச்சிலேயே மடங்கிவிடும்.

சுழலும் சாணைச் சக்கரத்தில் கத்தி பிடிப்பவர்கள் மிகவும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். சக்கரத்தின் வெப்பத்தால் விளிம்பு நீல நிறம் அடைந்தால், அவ்விடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அறிக. பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர்மை நிற்காது. அடிக்கடி நீரில் தோய்த்துக் குளிர்வித்தலே இதற்கு வழி.

காக்கும் முறை

வாரத்துக்கு ஒருமுறை நெடுநேரம் தீட்டுவதைவிட, நாள்தோறும் மாலையில் சில நிமிடங்கள் தீட்டுவது மேல். விடியற்கால இருளில் அவசரமாகத் தீட்டலாகாது. சிறு கல் ஒன்றைத் துணியில் சுற்றி, வேலைக்குச் செல்லும்போது கையோடு கொண்டுசெல்ல வேண்டும். நடுவில் கத்தி மழுங்கினால் இரண்டு நிமிடம் நின்று தீட்டிக்கொள்ளலாம். அந்த இரண்டு நிமிடம் வீண் அன்று. என் தந்தையாரின் பையில் அன்று கல் இருந்திருந்தால் அந்த மரங்கள் தப்பியிருக்கும். அன்றைக்குப் பிறகு அவர் கல்லில்லாமல் வீட்டைவிட்டுப் புறப்பட்டதே இல்லை.

தீட்டுக்கல் நாளடைவில் நடுவில் குழியும். குழிந்த கல்லில் நேரான விளிம்பு அமையாது. சமமான சிமெண்டுத் தரையில் மணலும் நீரும் இட்டு, அதன் மேல் கல்லைத் தேய்த்தால் மீண்டும் தட்டையாகும்.

வேலை முடிந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெயை மெல்லியதாகப் பூசி வைத்தால் துரு ஏறாது. மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையில் பூஞ்சண அழுகல் நோய் தோன்றுவதுண்டு. நோயுற்ற மரத்தை வெட்டிய கத்தியே அடுத்த மரத்துக்கு அந்நோயைக் கொண்டுசெல்லும். அக்காலங்களில் தோட்டத்தில் தரும் கிருமிநாசினியில் கத்தியைத் தோய்த்துத் துடைத்தல் வேண்டும்.

கத்தியைச் சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில், வாயை உறையிட்டு வைக்க வேண்டும். சுவரில் ஆணியடித்து மாட்டிவைப்பது எட்டாத இடம் ஆகாது என்பதற்கு நானே சாட்சி. பிறரிடம் கொடுக்கும்போது கைப்பிடியை அவர் பக்கம் நீட்டிக் கொடுத்தல் நல்ல பழக்கம். கை வெட்டுப்பட்டால் சுத்தமான நீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, காயம் ஆழமாக இருப்பின் உடனே மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும். ரண ஜன்னி தடுப்பூசியைப் பற்றியும் அங்கே கேட்டறிய வேண்டும். வேலைக்குரிய கத்தி வேலைக்கு மட்டுமே உரியது. பட்டணத்துக்கும் திருவிழாவுக்கும் அதை இடுப்பில் செருகிச் செல்லலாகாது. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும்.

முடிவாக

ரப்பரின் விலை ஏறலாம், இறங்கலாம். மழை பெய்யலாம்; பொய்க்கலாம். இவற்றுள் எதுவும் தொழிலாளரின் கையில் இல்லை. ஆனால் கத்தியின் கூர்மை முழுவதும் அவர் கையிலேயே இருக்கின்றது. அதற்குத் தேவையானவை ஒரு கல், சிறிது நீர், மாலையில் சில நிமிடங்கள் ஆகியவையே.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் புறப்பட்ட ஆண்டில் தந்தையாரோடு அந்த நிரைக்கு ஒருமுறை சென்றேன். என்னால் காயம்பட்ட மரங்களின் பட்டையில் அப்போதும் புடைப்புகள் இருந்தன. தந்தையார் அவற்றின் அருகே வரும்போது கையைத் தளர்த்தி, கத்தியைச் சுற்றி மெதுவாக ஓட்டிச் சென்றார். எந்த மரத்தில் எங்கே புடைப்பு என்பது அவருக்கு இருளிலும் தெரிந்திருந்தது. மரம் காயத்தை மறப்பதில்லை. அதை வெட்டுபவரும் மறக்க முடிவதில்லை. ஆகவே, தோழர்களே, இன்று மாலையே உங்கள் கத்தியை விளக்கொளியில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். வெள்ளை நூல் தெரிந்தால் கல்லை எடுங்கள். உங்கள் பிள்ளை அருகில் இருந்தால், அவரையும் உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள்.